கருப்பாயி வீட்டு மாடி

"லைட் அணைக்கிற வசனம் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்துச்சுன்னா அம்புட்டுப் பேரும் மூட்டயக் கட்டிக்கிட்டுக் கெளம்பிற வேண்டியதுதான்."

ராஜபாண்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே மகள் பாண்டிச்செல்வி. அவளுக்குப் பின்னால் கேமராவும் விளக்குகளும் ஏற்றிய இரண்டு வேன்கள், நாகமலை புதுக்கோட்டையின் அந்தச் சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன.

"வராதுப்பா. நாந்தான எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"ஒனக்குத் தெரியும். ஒங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

பாண்டிச்செல்வி வேன்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்தது.

இடையில் வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே 'பன்னீர் விலாஸ்' தொடர்தான். சென்னையில் ஒரு பெரிய வீடு, அதில் ஒரு பேங்க் மேனேஜர், அவர் மனைவி, சுட்டிப் பையன் சேகர். அந்த வீட்டு வேலைக்காரி கருப்பாயி. அவள் கொல்லைப்புறமாக உள்ளே நுழையும்போதெல்லாம் மேனேஜர், "யாருடா லைட்ட அணைச்சது?" என்று கேட்பார். பதிவு செய்து வைத்த சிரிப்பு டி.வி.க்குள் கொட்டும். வெளியே ஊரே சிரிக்கும்.

கருப்பாயியாக நடித்தவர் சோணையம்மாள், ராஜபாண்டியின் அக்கா. திருவாதவூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அங்கிருந்து நாடக மேடைக்குப் போய், மேடையிலிருந்து டி.வி.க்குப் போனவர். அப்போது ராஜபாண்டி பஸ் டிரைவர். அவர் டிப்போவுக்குள் கால் வைத்தால் கூட இருந்தவர்கள், "யாருடா லைட்ட அணைச்சது?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாண்டிச்செல்விக்கும் அதே கேள்வி. அந்த வேஷத்தை விட்டுத் தொலை என்று தம்பி போய்ச் சண்டை போட்டார். அக்கா விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அந்தத் தொடரை மறுபடியும் எடுக்கிறார்கள். உரிமையை வாங்கிய சென்னைக் கம்பெனியிடம் பாண்டிச்செல்வி போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "அதே காமெடி. ஆனா தலித் குடும்பத்துப் பக்கமிருந்து. இந்தத் தடவை கேமராவைக் கருப்பாயி வீட்ல வைப்போம்."

பழைய தொடரில் கருப்பாயிக்குப் புருஷன் உண்டா, பிள்ளை உண்டா என்று ஒரு வாரம்கூட யாரும் கேட்டதில்லை. புதிய கதையில் அவளுக்குப் பன்னீர் என்று ஒரு புருஷன் இருந்திருக்கிறான். மதுரையில் சொந்தமாக மாடி வீடு இருக்கிறது. வாசலில் புருஷன் பேரைத்தான் வைத்திருக்கிறாள்: பன்னீர் விலாஸ்.

அந்த வீடாக நடிக்கப் போவது, ராஜபாண்டி ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு. மனைவி நாகஜோதி விடாமல் நச்சரித்ததால், ஒருநாள் மட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று எடுக்கும் ஒரே ஒரு காட்சி சென்னைக்குப் போகும். பிடித்தால் தொடர் உண்டு. பிடிக்காவிட்டால் வேன்கள் வந்த வழியே திரும்பிவிடும்.

கதைக்கு வருவோம்.

சிம்மக்கல்லிலிருந்து வந்த ஆட்டோ கேட் அருகே நின்றது. சோணையம்மாள் இறங்கினார். கருநீலச் சுங்குடிச் சேலை, கூலிங் கிளாஸ், தலை நிறைய மல்லிகை. வேனிலிருந்து விளக்கு இறக்கிக்கொண்டிருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் செல்பி எடுக்க ஓடி வந்தார்கள்.

ராஜபாண்டி திரும்பினார். அக்காவைப் பார்த்தார். "மோட்டாரு ஓடுது, நிப்பாட்டணும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

மோட்டார் ஓடவில்லை. கரண்டே இல்லை. வேனில் ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என் தம்பி இன்னும் முறுக்கிக்கிட்டுத்தான் திரியிறானா?" என்றார் சோணையம்மாள்.

"கொஞ்சம் வயசாயிருச்சு மதினி. முறுக்கு மட்டும் அப்பிடியே இருக்கு" என்று சிரித்தபடி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார் நாகஜோதி.

கம்பெனியிலிருந்து வந்திருந்த பவதாரிணி, பாண்டிச்செல்வியைத் தனியே கூப்பிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல பெண். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"செல்வி, ஆபீஸ்ல திரும்பவும் கேக்கறாங்க. டிரெய்லருக்கு மட்டும் அந்த லைட் டயலாக் வேணுமாம். ஜனங்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்காம்."

"எனக்குந்தான் ஞாபகம் இருக்கு. அதனாலதான் வேணாங்குறேன்."

"எனக்குப் புரியுது. ஆனா அவங்ககிட்ட வெறும் 'வேண்டாம்'னு சொன்னா எடுபடாது. அதைவிட நல்ல சிரிப்பு ஒண்ணு இருக்குன்னு காட்டினா, நான் சண்டை போடறேன். மதியத்துக்குள்ள எனக்கு ஏதாவது அனுப்பணும்."

பாண்டிச்செல்வி தலையாட்டினாள். தான் எழுதி வைத்திருக்கும் காட்சியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். வாடகைக்கு மாடி பார்க்கச் சேகர் வருகிறான். வீட்டுக்காரி யாரென்று பார்த்தால், கருப்பாயி! கருப்பாயி எழுந்து நின்று, அவனைப் பார்த்து ஒரு பக்கம் பேசுகிறாள். அந்த ஒரு பக்கத்தைப் பாண்டிச்செல்வி அழுதுகொண்டே எழுதியிருந்தாள்.

ஒத்திகை ஆரம்பமானது. சேகராக நடிப்பவர் வரதன். அந்தக் காலத்துச் சுட்டிப் பையனேதான். இப்போது முன்வழுக்கையும் தொப்பையுமாக இருந்தார். சோணையம்மாள் எழுந்து நின்று அந்த ஒரு பக்கத்தையும் பிசிறில்லாமல் பேசினார்.

சவுண்டு பார்க்கும் ராம்கி மெதுவாக இரண்டு தட்டுக் கை தட்டினான். வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டான்.

சோணையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏத்தா செல்வி, நல்லா எழுதியிருக்க. மைக்கப் புடிச்சு மேடையில பேசுனா கை தட்டுவாக. வீட்டுக்கு வாடகைக்கு வந்தவன நிக்க வச்சு யாரு இப்பிடிப் பேசுறா?"

"அத்தே, இது ஒங்களுக்கான மரியாத."

"மரியாத சரி. சிரிப்பு எங்க?"

"இம்புட்டு நாளு ஒங்களப் பார்த்து எல்லாரும் சிரிச்சது போதாதா?" பாண்டிச்செல்வியின் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு தடவயாச்சும் நீங்க பேச, அவங்க வாய மூடிக் கேக்கட்டும்னுதான் நான் இதுக்கு உயிரக் குடுக்குறேன்."

"என் நெறத்தப் பார்த்துச் சிரிச்சாக. அது அவுக புத்தி. ஆனா நான் தட்டுத் தடுமாறி ஒரு கும்பிடு போடுவேன் பாரு, அதுக்குச் சிரிச்சாக பாரு, அது என் சம்பாத்தியம். அத நீயும் எங்கிட்ட இருந்து புடுங்கிறாத."

பாண்டிச்செல்வி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அங்கே நாகஜோதி மொத்த யூனிட்டுக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். கேட்டரிங் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று சொன்னதற்கு, "என் வீட்டுக்கு வந்தவுக பொட்டலம் பிரிச்சா திம்பாக?" என்று கேட்டவர் அவர்.

"என்னாத்தா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வாடகைக்கு வீடு பார்க்குற சீன். சிரிப்பே வரமாட்டேங்குது."

"வாடகைக்கு வீடு பார்க்குறதுலயா சிரிப்பு வரல?" நாகஜோதி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "நானும் ஒங்கப்பாவும் கல்யாணமான புதுசுல டவுனுக்குள்ள வீடு தேடுனத நீ கேட்டதில்லயே. ஒரு வீட்டம்மா, வெத்தல போட்டுக்கிட்டு, இப்பிடி உக்காந்திருப்பாக…"

சமையல் மேடை ஓரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடித்து, முகவாயை நிமிர்த்திக்கொண்டார். குரலே மாறிவிட்டது.

"'தம்பிக்கு எந்த ஊரு? திருவாதவூரா! ஆகா, நல்ல ஊராச்சே. ஊர்ல எந்தப் பக்கம்?' ஒங்கப்பா சொன்னாரு, 'பஸ் ஸ்டாப்புப் பக்கம்மா.' 'பஸ் ஸ்டாப்புக்குக் கெழக்கயா, மேக்கயா?' ஒங்கப்பா முழிச்சு முழிச்சுப் பார்த்துட்டு, 'பஸ் ஏறுற பக்கம்'னாரு!"

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையின் சிரிப்புச் சத்தமும் கேட்டது. பின்னாலேயே வந்து சோணையம்மாள் வாசற்படியில் நின்றிருந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லல!"

ஜன்னலுக்கு வெளியே இருந்து குரல் வந்தது. ராஜபாண்டியின் தலை தெரிந்தது. மோட்டார் பக்கம் போனவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"பெறகு எப்பிடிச் சொன்னீகளாம்?"

"'நான் டிரைவரும்மா, எப்பவும் பஸ்ஸுக்குள்ளதான்'னு சொன்னேன். எதையும் ஒழுங்காச் சொல்ல மாட்டா இவ." சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பின்கதவு வழியாக உள்ளேயே வந்துவிட்டார். "அதுக்கு அந்தம்மா, 'எனக்கு ஒரு வித்தியாசமும் கெடையாது தம்பி. அக்கம்பக்கந்தான் ஒரு மாதிரி. அதோட எங்க மாமியா ஊர்ல இருந்து வாராக, மாடி அவுகளுக்கு வேணும்'னு சொன்னாக."

"அடுத்த வீட்லயும் மாமியா வந்தாக" என்றார் நாகஜோதி.

"அதுக்கடுத்த வீட்லயும் மாமியாதான்."

"அன்னிக்கு மதுரைக்கு வந்த மாமியாளுகளுக்கு மட்டும் தனி பஸ் விட்டிருக்கணும் போல!" என்றார் சோணையம்மாள்.

ராஜபாண்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் யார் சொன்னது என்பது உறைத்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

"சிரிக்கிறோம்" என்றார் மெதுவாக. "அன்னிக்கு நான் அழுதேன்."

நாகஜோதி நிமிர்ந்தார். "நீங்களா? டீ குடிச்சிட்டு வாரேன்னுல்ல போனீக?"

"டீக்கடைக்குப் பின்னால நின்னு அழுதேன். ஒனக்கு முன்னால எப்பிடி அழுகுறது? அப்பத்தான் கல்யாணமாயிருந்துச்சு."

நாகஜோதி அவர் அருகில் வந்தார். சேலைத் தலைப்பால் அவருடைய சட்டையில் பட்டிருந்த மோட்டார் கிரீஸைத் துடைத்துவிட்டார்.

"எனக்கு இது தெரியாதே தம்பி" என்றார் சோணையம்மாள்.

"தெரிஞ்சா என்னக்கா செஞ்சிருப்ப?"

அக்கா என்ற சொல் அவர் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சோணையம்மாளின் உதடு துடித்தது. ஆனால் நாடகமேடை பார்த்தவர் அல்லவா, சமாளித்துக்கொண்டார்.

"அந்தம்மாவ அன்னைக்கே மேடையில ஏத்தியிருப்பேன். ஊரு வயிறு புண்ணாகச் சிரிச்சிருக்கும். ஒன்னயப் பார்த்து இல்லடா. அவளப் பார்த்து!"

பாண்டிச்செல்வி கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டே எழுதிய ஒரு பக்கம். அதில் இருந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் சற்றுமுன் இந்தச் சமையலறையில் கேட்டது அதில் ஒரு வரிகூட இல்லை.

"அத்தே" என்றாள். "எழுந்து நிக்க வேணாம். நாற்காலில கால மடக்கி உக்காருங்க. மாடி பார்க்க வந்திருக்கான். அவன அடையாளந் தெரியாத மாதிரி நீங்க விசாரிங்க. எல்லாரும் நம்மள விசாரிச்ச மாதிரி."

சோணையம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "வசனம்?"

"எழுதல. ஒங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். வரதன் சார்கிட்டச் சொல்லப்போறதில்ல. அவரு நெசமாவே முழிக்கட்டும்."

கேமரா ஓடியது. கூடத்து நாற்காலியில் சோணையம்மாள் காலை மடக்கி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வரதன் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மாடி காலியா இருக்குன்னு சொன்னாங்க…"

"வாங்க தம்பி, உக்காருங்க. எந்த ஊரு?"

"சென்னைங்க."

"ஆகா, நல்ல ஊராச்சே! சென்னைல எந்தப் பக்கம்?"

"மாம்பலம்."

"மாம்பலத்துல?"

"ஸ்டேஷன் பக்கம்."

சோணையம்மாள் மொச்சை உரிப்பதை நிறுத்தினார். "ஸ்டேஷன்ல ரயில் ஏறுற பக்கமா, எறங்குற பக்கமா?"

வரதன் உண்மையாகவே திகைத்துப்போனார். "ரெண்டும் ஒரே பக்கந்தாங்க."

"ஏ நாகு!" சோணையம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இவுக ஊர்ல ஏறுறதும் எறங்குறதும் ஒரே பக்கமாம்ல!"

சமையலறைக்குள்ளிருந்து நாகஜோதியின் குரல் வந்தது. "நம்ம வீட்டுக்கு அதெல்லாம் சரிப்படுமா மதினி? கேட்டுக்கங்க!"

மானிட்டர் முன்னால் பவதாரிணி போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதீக தம்பி. எனக்கு ஒரு வித்தியாசமும் கெடையாது. அக்கம்பக்கந்தான் ஒரு மாதிரி. சாப்பாடு எப்பிடி?"

வரதன் நம்பிக்கையோடு நிமிர்ந்தார். "சுத்த சைவங்க!"

சோணையம்மாளின் முகம் வாடியது. இழவு வீட்டுக்கு வந்தவர் போல அவரைப் பார்த்தார். "சின்ன வயசுலருந்தேவா?"

"ஆமாங்க."

"டாக்டர்ட்டக் காட்டுனீகளா?"

"இல்லைங்க, எங்க வழக்கம்…"

"சிரமந்தான் தம்பி. ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு வச்சா, நாலு வீட்டுக்குக் குடுத்துவிட்டுத்தான் நாங்க சாப்பிடுறது. மாடிக்குக் குடுத்துவிட்டா நீங்க வாங்க மாட்டீக. உள்ள ஒருத்தி இருக்காளே, அவ மனசு ஒடஞ்சிரும். பெறகு எப்பிடி ஒட்டு இருக்கும்?"

வரதனுக்கு இப்போது வேகம் பிடித்துவிட்டது. எழுதாத வசனத்தை அவரே சொன்னார். "முட்டை வேணா சாப்பிடுவேங்க."

"முட்டையா?" சோணையம்மாள் யோசித்தார். "முட்டன்னா பேசலாம்… ஆனா பாருங்க, எங்க மாமியா ஊர்ல இருந்து வாராக. மாடி அவுகளுக்கு வேணும்."

வரதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க மாமியாரா? அவங்களுக்கு என்னங்க வயசு?"

"நூத்திநாலு. கீழ இருக்கவே மாட்டேன், மாடிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக!"

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்ற ராஜபாண்டியிடமிருந்து ஒரு வெடிச்சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"கட்!" என்றாள் பாண்டிச்செல்வி.

"ஐயா! சவுண்டு போச்சுங்கய்யா!" ராம்கி தலையில் கை வைத்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா… நூத்திநாலா… ஒத்தக்கால்லயா…" ராஜபாண்டிக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்தத் தொடரை அவர் வீட்டில் போடவே விட்டதில்லை. தன் அக்கா நடித்து அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது டேக்குக்கு அவரைத் தெருவுக்கு அனுப்பினார்கள். மாமியார் கட்டம் வந்ததும் தெருவிலிருந்து சிரிப்பு கேட்டது. மூன்றாவது டேக்குக்குத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு, மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பவதாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டே பாண்டிச்செல்வியிடம் வந்தாள். "முதல் டேக்கையே அனுப்பறேன். அப்பா சிரிப்போட. லைட் டயலாக்கைப் பத்தி இனிமே ஒருத்தர் பேசட்டும், நான் பாத்துக்கறேன்."

மதியம் கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. "நாளைக்கும் வேனு இங்கயே நிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று ராஜபாண்டி தாராளமாக அறிவித்தார். வரதன் இரண்டு அவித்த முட்டையோடு உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே அவருக்கு அதற்கு மேல் பழக்கமில்லையாம். நாகஜோதி அவரை ஆழ்ந்த வருத்தத்தோடு பார்த்துவிட்டு மூன்றாவது முட்டையையும் வைத்தார்.

அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலையில். நல்லி எலும்பை அக்கா இலைக்கு நகர்த்திவிட்டு, ஒன்றும் செய்யாதவர் போல ரசம் கேட்டார் ராஜபாண்டி.

பவதாரிணி போனோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓகே ஆயிடுச்சு! பத்து எபிசோட்! இன்னும் ஒரு சந்தோஷமான விஷயம், மேடம். பழைய தொடர்ல மேனேஜர் சம்சாரமா வந்தாங்களே, வத்சலா மேடம், அவங்களுக்கு ஆபீஸ்ல இருந்து கிளிப்பை அனுப்பினாங்களாம். பாத்துட்டு அவங்களே போன் பண்ணாங்களாம். சேகருக்கு அம்மாவா நடிக்கணுமாம். நாளைக்குக் காலைல மதுரைக்கு வர்றாங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். சோணையம்மாள் மட்டும் தட்டவில்லை. கையில் எடுத்த சோற்றுக் கவளத்தை இலையிலேயே வைத்தார்.

"என்னக்கா?" என்றார் ராஜபாண்டி.

"ஒண்ணுமில்ல தம்பி. வரட்டும், நல்லா வரட்டும்." சோணையம்மாள் வாசல் பக்கம் பார்த்தார். கோபமா, குறும்பா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. "அந்தக் காலத்துலயே கேக்க நெனச்சு விட்ட ஒரு கேள்விய நான் அவுககிட்ட பாக்கி வச்சிருக்கேன். அதக் கேமராவுக்கு முன்னால கேக்குறதா, பின்னால கேக்குறதான்னுதான் யோசிக்கிறேன்."